இரண்டு படமும் ஓர் அளவுகோலும்

தேய்ந்த மூட்டை மாற்றவும், முதுகெலும்பில் திருகு வைக்கவும், முறிந்த எலும்பைச் சேர்க்கவும் பினாங்குக்கு ஆள்கள் வந்தபடியே இருக்கிறார்கள். ஜார்ஜ் டவுனின் ரெசிடென்சி சாலையில் இருக்கும் பொது மருத்துவமனைக்கு, அதாவது எல்லாரும் ஜி.எச். என்று சொல்லும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு, சாலை விபத்தில் அடிபட்டவர்கள் இரவு பகலாக வருகிறார்கள். மக்கலிஸ்டர் சாலை, பர்மா சாலை, பங்கோர் சாலைப் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளுக்குச் சுமத்ராவின் மேடான் நகரிலிருந்து சுமார் ஒரு மணி நேர விமானப் பயணத்தில் நோயாளிகள் வந்து இறங்குகிறார்கள். இத்தனை மருத்துவமனைகள் அருகருகே இருக்கும் ஊரில் போட்டி இருப்பது இயல்பு. அந்தப் போட்டி பெரும்பாலும் கருவிகளின் பெயரால் நடக்கிறது. ரோபோ, கணினி வழிகாட்டி, முப்பரிமாண எக்ஸ்ரே என்ற சொற்கள் விளம்பரங்களில் முன்னே நிற்கின்றன. புதிய மிஷின் இருக்கும் இடத்தில் அறுவை துல்லியமாக இருக்கும் என்று நோயாளியின் குடும்பமும் நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். அறுவை அறையில் எக்ஸ்ரே தருவது எலும்பின் நிழலை. நிழலிலிருந்து நிஜமான இடத்தைக் கண்டுபிடிப்பது மனிதர்களின் வேலை. சரியான கோணத்தில் இரண்டு படம் எடுப்பது, தெரிந்த ஒரு நீளத்தோடு ஒப்பிட்டு அளப்பது, அளந்ததை எழுதிவைப்பது, பிறகு திரும்பிப் பார்ப்பது ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் துல்லியம். எலும்பு அறுவையில் கிடைத்த மிக நல்ல சான்றுகளில் ஒன்று இதைத்தான் சொல்கிறது.

எக்ஸ்ரேயைக் கொண்டு அறுவைக்கு வழிகாட்டும் பழக்கம் எக்ஸ்ரே அளவுக்கே பழையது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8-ஆம் தேதி. அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜான் ஹால்-எட்வர்ட்ஸ் என்ற மருத்துவர் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, ஒரு பெண்ணின் கையில் புதைந்திருந்த ஊசியை அறுவை செய்து எடுத்தார்கள். அதே ஹால்-எட்வர்ட்ஸ் பிற்காலத்தில் கதிரால் கை புண்ணாகி, 1908-இல் இடது கையையே இழந்தார். வழிகாட்டலும் அதற்கான விலையும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக வந்தவை. பிறகு 1950-களில் ஆங்கில 'சி' எழுத்தைப் போல வளைந்த சட்டத்தில், ஒரு முனையில் கதிர்க்குழாயும் மறுமுனையில் படம் பிடிக்கும் பகுதியும் பொருத்திய கருவி வந்தது. அதுதான் இன்று உலகெங்கும் எலும்பு அறுவை அறைகளில் நிற்கும் சி-ஆர்ம். நோயாளி மேசையில் படுத்திருக்க, சட்டத்தை அவரைச் சுற்றித் திருப்பி, முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுக்கலாம். தோலை அகலமாகக் கிழிக்காமல் சிறு துளை வழியாகக் கம்பியும் திருகும் வைக்க முடிகிறது என்றால் அதற்கு இந்தக் கருவிதான் காரணம். இதனால் இரத்த இழப்பு குறைகிறது, புண் சீக்கிரம் ஆறுகிறது, நோயாளி விரைவில் எழுந்து நடக்கிறார். ஆனால் எலும்பை நேரில் பார்க்காமல் திரையில் பார்த்தே வேலை செய்யும் மருத்துவருக்குத் திரை என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற தெளிவு வேண்டும்.

முதலில் அளவு. இரவில் விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டினால், விளக்கை நெருங்க நெருங்கச் சுவரில் நிழல் பெரிதாகிறது. எக்ஸ்ரேயும் அப்படித்தான். கதிர் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி விரிந்து போகிறது. கதிர்க்குழாய்க்கும் படம் பிடிக்கும் தகட்டுக்கும் இடையே 100 செ.மீ. இருந்து, எலும்பு குழாயிலிருந்து 80 செ.மீ. தூரத்தில் இருந்தால், படத்தில் அது ஒன்றேகால் மடங்காகத் தெரியும். அதே எலும்பு 70 செ.மீ. தூரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1.43 மடங்கு. அதாவது, ஒரே நோயாளியின் ஒரே எலும்பு, சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே வேறு வேறு அளவில் தெரியும். பருத்த உடலும் மெலிந்த உடலும் மேசையில் வேறு உயரத்தில் எலும்பை வைத்திருப்பதால் ஆளுக்கு ஆளும் இது மாறும். பழைய வகைக் கருவிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் பட உருப்பெருக்கியின் முகம் வளைவானது என்பதால் படத்தின் ஓரங்கள் இழுபட்டுத் தெரியும். பூமியின் காந்தப்புலம்கூட உள்ளே ஓடும் எலெக்ட்ரான்களைத் திருப்பி, நேர்க்கோட்டை லேசான நெளிவாகக் காட்டும். இப்போது வரும் தட்டைத் தகட்டுக் கருவிகளில் இந்த நெளிவு இல்லை. ஆகவே கருவி முக்கியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மிக நவீனமான தகட்டிலும் கதிர் விரிந்துதான் வரும், நிழல் பெருகித்தான் விழும். அதைத் திருத்த உள்ள எளிய வழி, நிஜ அளவு தெரிந்த ஒரு பொருளை அதே படத்தில் வைத்து ஒப்பிடுவது. திருகின் தண்டு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பது தயாரித்தவரின் பெட்டியிலேயே எழுதியிருக்கும். அதுவே அளவுகோல்.

இரண்டாவது, ஆழம். முன்னிருந்து எடுத்த படத்தில் ஒரு பொருள் எலும்புக்குள் இருப்பதுபோல் தெரிந்தாலும் அது முன்னேயோ பின்னேயோ வெளியே நின்றுகொண்டிருக்கலாம். அதனால்தான் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு படம் என்பது எலும்பு மருத்துவத்தின் பால பாடம். ஆனால் இரண்டு படமும் ஒருசேர ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. தொடை எலும்பின் மேல் முனை பந்துபோல் உருண்டையானது. அதன் விட்டம் 48 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், நடுவிலிருந்து விளிம்புக்கு 24 மி.மீ. உள்ளே செலுத்திய திருகின் நுனி, நடுப்புள்ளியிலிருந்து உள்பக்கமாக 18 மி.மீ., முன்பக்கமாக 18 மி.மீ. தள்ளி நிற்கிறது. முன்னிருந்து எடுத்த படத்தில் உள்பக்கத்து 18 மட்டுமே தெரியும். விளிம்புக்கு இன்னும் 6 மி.மீ. இருக்கிறது, நிம்மதி. பக்கவாட்டுப் படத்தில் முன்பக்கத்து 18 மட்டுமே தெரியும். அங்கும் 6 மி.மீ. மிச்சம். உண்மையான தூரத்தைப் பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டால், 18-இன் வர்க்கம் 324, இரண்டும் சேர்ந்து 648, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 25.5. நுனி எலும்பைத் துளைத்து மூட்டுக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு படமும் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தும் உண்மை கிடைக்கவில்லை. வளரும் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலை நழுவும்போது அதைப் பிடித்துவைக்கச் செலுத்திய ஊசிகள் இப்படிக் கண்ணில் படாமல் மூட்டுக்குள் புகுந்து, மூட்டையே அரித்துவிடுவதை 1980-இல் வால்ட்டர்ஸ், சைமன் என்ற இரு மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இதற்கான மருந்தும் புது மிஷின் கிடையாது. இடுப்பு மூட்டை மெல்லத் திருப்பியபடியே திரையைப் பார்க்க வேண்டும். திருப்பத் திருப்ப நுனி விளிம்பை நெருங்கும், ஒரு கட்டத்துக்குப் பிறகு விலகத் தொடங்கும். மிக நெருங்கிய அந்தக் கணத்தில் தெரியும் இடைவெளியே உண்மையான இடைவெளி. இரண்டு படம் போதும் என்று நிறுத்திக்கொள்ளும் கைக்கும், இந்தக் குருட்டு மூலை இருப்பதை அறிந்து திருப்பிப் பார்க்கும் கைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பிள்ளையின் மூட்டு.

மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இறக்காமல் தப்பியவர்களில் பலர் தொடை எலும்போ கணைக்கால் எலும்போ நடுவில் உடைந்து மருத்துவமனைக்கு வருகிறார்கள். எலும்பின் உட்குழாய்க்குள் நீளக் கம்பி செலுத்தி அதை நிறுத்துவது, ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்ட் குண்ட்ஷர் 1939-இல் தொடங்கிய முறை. கம்பியின் இரு முனையிலும் குறுக்காகத் திருகு பூட்டினால்தான் எலும்பு சுழலாமலும் குறுகாமலும் நிற்கும். மேல் முனைத் திருகுக்கு வெளியே ஒரு வழிகாட்டிச் சட்டம் உண்டு. கீழ் முனையில் அது முழுதாக உதவாது. நீளக் கம்பி எலும்புக்குள் இறங்கும்போது லேசாக வளைந்து முறுக்கிக்கொள்ளும். அங்கே கம்பியில் இருக்கும் துளை சில மில்லிமீட்டர் அகலம்தான். மருத்துவர் அதை எக்ஸ்ரேயில் தேடுகிறார். கதிர் சாய்வாகப் போனால் துளை நீள்வட்டமாக, இரட்டை ஓரத்தோடு தெரியும். மலாயில் ஜூரு எக்ஸ்ரே என்று அழைக்கப்படும் படம் எடுக்கும் பணியாளர் சி-ஆர்ம் சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி எடுக்கிறார். நீள்வட்டம் ஒடுங்கி ஒடுங்கி, ஒரு நிலையில் சுத்தமான வட்டமாகிறது. அப்போதுதான் கதிரும் துளையும் ஒரே கோட்டில் இருக்கின்றன என்று பொருள். துளைப்பானின் நுனியை அந்த வட்டத்தின் நடுவில் வைத்து, பின் முனையைக் கதிரின் திசைக்கு நிமிர்த்தி, துளையிடுகிறார்கள். இதில் பாதி வேலை படம் எடுப்பவருடையது. அவர் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதை இருவரும் ஒரே சொல்லில் புரிந்துகொண்டால் மூன்று நான்கு படத்தில் முடியும். புரிந்துகொள்ளவில்லை என்றால் படம் கூடிக்கொண்டே போகும்.

அப்படி வட்டம் கச்சிதமாக அமைந்து, திருகும் துளைக்குள் சரியாகப் போய், திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்த பிறகும் கால் திரும்பிப் போயிருக்கலாம். எலும்பின் நீளமும் நேர்த்தன்மையும் எக்ஸ்ரேயில் தெரிவதுபோல, மேல் துண்டுக்கும் கீழ் துண்டுக்கும் இடையிலான சுழற்சி தெரியாது. தொடைக்குள் கம்பி வைக்கப்பட்ட 76 பேரைச் சிடி ஸ்கேன் மூலம் சோதித்து, நெதர்லாந்தின் யார்ஸ்மாவும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட முடிவில், 28 சதவீதத்தினருக்கு 15 பாகையோ அதற்கு மேலோ சுழற்சிப் பிழை இருந்தது. இவர்களுக்கு எக்ஸ்ரே இல்லாமலா அறுவை நடந்தது? எக்ஸ்ரே இருந்தது, அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. அறுவையைத் தொடங்கும் முன்பே நல்ல காலின் முழங்கால் சில்லு நேராக மேலே பார்க்கும்படி வைத்து, இடுப்புக்குக் கீழே தொடை எலும்பின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சிறு முனையைப் படம் எடுத்துத் திரையில் சேமித்துக்கொள்கிறார்கள். கம்பி வைத்த பின், உடைந்த காலிலும் சில்லு நேராக நிற்க அதே முனை அதே வடிவில் தெரிகிறதா என்று அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். முனை பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்தால் கால் திரும்பியிருக்கிறது. திருகு பூட்டும் முன் அதைத் திருத்துவது சில நிமிட வேலை. பூட்டிய பிறகு அது இன்னோர் அறுவை.

இனி இந்த வாதத்தின் அச்சாணியான சான்றுக்கு வருவோம். மலேசியா வேகமாக முதுமை அடைகிறது. பினாங்கு நாட்டிலேயே பிறப்பு விகிதம் குறைந்த மாநிலங்களில் ஒன்று. 2018-இல் ஆசிய எலும்புப்புரைச் சங்கங்கள் சேர்ந்து செய்த கணிப்பின்படி, மலேசியாவில் இடுப்பெலும்பு முறிவுகள் அந்த ஆண்டின் ஏறக்குறைய 5,900-இலிருந்து 2050-இல் ஏறக்குறைய 20,900 ஆகும். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆசிய நாடுகளில் இதுவே மிக வேகமான உயர்வு. குளியலறையில் வழுக்கி விழும் பாட்டிகளும் தாத்தாக்களும்தான் இந்த எண்கள். இம்முறிவுகளில் பலவற்றுக்குத் தொடை எலும்பின் தலைக்குள் பெரிய திருகு ஒன்றைச் செலுத்தி நிறுத்துகிறார்கள். புரை விழுந்த எலும்பில் அத்திருகு சரியான இடத்தில் இல்லாவிட்டால், நடக்கத் தொடங்கியதும் எலும்பை வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அமெரிக்காவில் பாம்கார்ட்னரும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் 198 முறிவுகளின் படங்களை எடுத்து ஒரே ஒரு அளவைக் கணக்கிட்டார்கள். முன்படத்தில் திருகின் நுனிக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரம், பக்கப் படத்தில் அதே தூரம், இரண்டையும் உருப்பெருக்கம் திருத்திக் கூட்டினால் வரும் எண். அது 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்த 120 திருகுகளில் ஒன்றுகூட வெட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. மொத்தத்தில் வெளியே வந்தவை 16. அவை எல்லாமே 25-ஐத் தாண்டியவை.

கணக்கு எவ்வளவு எளிது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். திருகின் தண்டு நிஜத்தில் 8 மி.மீ.; திரையில் அளந்தால் 10 வருகிறது. அப்படியானால் படம் ஒன்றேகால் மடங்கு பெருகியிருக்கிறது. முன்படத்தில் நுனி உச்சியிலிருந்து 15 மி.மீ. தள்ளித் தெரிந்தால் நிஜம் 12. பக்கப் படத்தில் 14 தெரிந்தால் நிஜம் 11.2. கூட்டினால் 23.2; எல்லைக்குள் இருக்கிறது. திருத்தாமல் கூட்டியிருந்தால் 29 என்று வந்து, நன்றாக இருக்கும் திருகைக் கழற்றி மறுபடி துளைக்கத் தோன்றியிருக்கும். இதற்குத் தேவைப்பட்டது இரண்டு படம், ஓர் அளவுகோல், ஒரு நிமிடம். அதைவிட முக்கியமான செய்தி இரண்டு ஆண்டு கழித்து வந்தது. இந்த அளவைப் பற்றி மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பின் செய்த 118 அறுவைகளைப் பாம்கார்ட்னரும் சோல்பெர்கும் முந்தைய தொகுப்போடு ஒப்பிட்டு 1997-இல் வெளியிட்டார்கள். சராசரி அளவு 25-இலிருந்து 20 மி.மீ. ஆகக் குறைந்திருந்தது. முன்பு எட்டு சதவீதமாக இருந்த வெட்டிக்கொண்டு வரும் தோல்வி, இந்தத் தொகுப்பில் ஒன்றுகூட இல்லை. அளக்க வேண்டும் என்ற அறிவும் அளக்கும் பழக்கமும் மட்டுமே நுழைந்தன. திருகு வெட்டிக்கொண்டு வந்ததால் ஒரு முதியவர் இரண்டாம் முறை மேசையில் ஏறும் கொடுமை அத்தொகுப்பில் இல்லாமல் போனது. எலும்பு அறுவையில் துல்லியம் எங்கே பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் வலுவானது. கணினி வழிகாட்டியும் ரோபோவும் உண்மையிலேயே துல்லியத்தைக் கூட்டுகின்றன என்பது அந்த வாதம். முதுகெலும்பில் இது மெய்தான். முள்ளெலும்பின் பின்பக்கம் உள்ள குறுகிய எலும்புத் தண்டின் வழியே திருகு போக வேண்டும். நடு மார்புப் பகுதியில் அத்தண்டின் அகலம் 4, 5 மி.மீ. அளவே, ஒரு பக்கம் முதுகுத்தண்டு, இன்னொரு பக்கம் நுரையீரலும் பெரும் இரத்தக்குழாய்களும். 2007-இல் கோஸ்மோபுலோஸ், ஸ்கீஸாஸ் இருவரும் பல ஆய்வுகளைத் திரட்டி, 37,337 திருகுகளைப் பார்த்ததில், உயிருள்ள நோயாளிகளிடம் கணினி வழிகாட்டலோடு வைத்தவற்றின் இடைநிலைத் துல்லியம் 95.2 சதவீதம், வழிகாட்டல் இல்லாமல் 90.3 சதவீதம். இந்த ஐந்து சதவீதத்தை அலட்சியம் செய்வது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு சான்றும் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஹாம்பர்க் மருத்துவர்களோடு சேர்ந்து, எக்ஸ்ரே வழிகாட்டலில் மட்டும் தோல் துளை வழியாக இடுப்பு முதுகெலும்புப் பகுதியில் வைத்த 880 திருகுகளைச் சிடி ஸ்கேனில் ஒவ்வொன்றாகச் சோதித்து, அம்முறை துல்லியமானது, பாதுகாப்பானது என்று 2015-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது எல்லாரிடமும் இருக்கும் கருவி. வேறுபட்டது, ஒவ்வொரு திருகையும் பின்னால் அளந்து பார்த்த துணிவு.

முழங்கால் மூட்டு மாற்றத்திலும் இதே பாடம். ஆஸ்திரேலிய மூட்டுப் பதிவேட்டைக் கொண்டு செய்து 2015-இல் வெளியான ஆய்வில், கணினி வழிகாட்டலோடு செய்தவற்றுக்கும் இல்லாமல் செய்தவற்றுக்கும் மறு அறுவை விகிதத்தில் ஒட்டுமொத்தமாக உறுதியான வேறுபாடு தெரியவில்லை. 65 வயதுக்குக் குறைந்தவர்களில் மட்டும், ஒன்பது ஆண்டுகளில் மறு அறுவை 7.8 சதவீதத்திலிருந்து 6.3 ஆகக் குறைந்திருந்தது. ஆகவே யாருக்கு எந்தக் கருவி பயன்படும் என்பதற்குப் பொதுவான விடை இல்லை. பதிவேடுதான் விடை சொல்லும். அந்நாட்டில் 1999 முதல் பதிவேடு இருந்ததால்தான் இந்த நுணுக்கம் தெரிந்தது. மேலும், கணினி வழிகாட்டியும் தவறும். எலும்பில் பொருத்தியிருக்கும் அடையாளக் கம்பியை யாராவது தெரியாமல் தட்டிவிட்டால், திரை பிழையான இடத்தை அதே உறுதியோடு காட்டிக்கொண்டிருக்கும். உடைந்த எலும்பின் துண்டுகள் தனித்தனியே நகர்வதால் முறிவு அறுவையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அதனால் ரோபோ வைத்திருப்பவர்களும் இடையிலும் முடிவிலும் எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்க்கிறார்கள். விலை உயர்ந்த கருவி வாங்கும் மருத்துவமனை, அளக்கும் பழக்கத்தை அதோடு சேர்த்து வாங்க முடியாது. அதை வளர்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் கதிர்வீச்சு பற்றியது. அளக்க வேண்டும், திருப்பிப் பார்க்க வேண்டும், நல்ல காலையும் படம் எடுக்க வேண்டும் என்றால் கதிர் கூடுமே? ஹால்-எட்வர்ட்ஸின் கையை நினைப்பவர்களுக்கு இந்த அச்சம் நியாயமானது. மலேசியாவில் 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் மருத்துவ எக்ஸ்ரே கருவிகளைச் சுகாதார அமைச்சு கண்காணிக்கிறது; கதிர்ப்பணியாளர் ஒருவரின் உடல் முழுமைக்கும் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்பது எல்லை. அறுவை அறையில் இருப்பவர்களுக்கு வரும் கதிரில் பெரும்பகுதி நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருவது. குழாய் இருக்கும் பக்கத்தில்தான் சிதறல் அதிகம், ஆகவே படம் பிடிக்கும் பக்கத்தில் நிற்பது நல்லது. தூரத்தை இரட்டிப்பாக்கினால் கதிர் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும். ஈய மேலங்கியும் கழுத்துக் காப்பும் மீதியைப் பெரிதும் தடுக்கின்றன. இவை தெரிந்தவையே. பலர் கவனிக்காத உண்மை, கதிர் கூடுவதற்கு முக்கியக் காரணம் அளப்பது இல்லை, தடுமாறுவது. எந்தப் படம் எதற்கு என்று தெரியாமல், கதிரை இயக்கும் கால்மிதியை அழுத்திப் பிடித்தபடி தேடும்போதுதான் நொடிகள் ஏறுகின்றன. எந்த இரண்டு கோணம் வேண்டும், சட்டம் எங்கே நிற்க வேண்டும் என்று தொடங்கும் முன்பே முடிவு செய்து, தரையில் சக்கரத்தின் இடத்தைக் குறித்துவைத்து, முந்தைய படத்தைத் திரையில் நிறுத்தி ஒப்பிட்டால், குறைவான படத்தில் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம். அளவெடுப்பது சேமித்த படத்தின் மேல் நடக்கும் வேலை. அதற்குப் புதிதாகக் கதிர் வேண்டாம்.

மூன்றாவது, நேரமும் அனுபவமும். ஜி.எச். போன்ற இடத்தில் அடுத்தடுத்து நோயாளிகள் காத்திருக்கும்போது அளவுகோலைக் கையில் எடுக்க ஏது நேரம் என்பார்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ள கண்ணுக்கு அளவுகோல் எதற்கு என்றும் கேட்பார்கள். அனுபவத்தின் மதிப்பை மறுக்க முடியாது. நல்ல கோணத்தைச் சட்டென்று பிடிப்பதும், படத்தில் ஏதோ சரியில்லை என்று முதலில் உணர்வதும் அனுபவம்தான். ஆனால் 1995 ஆய்வில் வெட்டிக்கொண்டு வந்த அந்த 16 திருகுகளை வைத்த கைகளும் தம் கண்ணை நம்பித்தான் வைத்தன. அளவு தெரிந்ததும் தோல்வி மறைந்தது. அனுபவம் தன் தவறைத் தானே காண, ஓர் எண் தேவைப்படுகிறது. நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு நிமிட அளவெடுப்பை மிச்சம் பிடித்து, ஆறு வாரம் கழித்து மூன்று மணி நேர மறு அறுவையில் செலவழிப்பது எந்தக் கணக்கிலும் சிக்கனம் ஆகாது. நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனைக்குத்தான் இந்தப் பழக்கம் அதிகம் பயன்படும். புதிய கருவிக்குக் காத்திருக்காமல் நாளைக் காலையே தொடங்கக்கூடிய மேம்பாடு இது.

ஆகவே பினாங்கின் மருத்துவமனைகளிடம் கேட்க வேண்டியது மூன்று. ஒவ்வோர் எலும்பு அறுவையின் முடிவிலும் இரு கோணப் படங்களைச் சேமித்து, அந்த அறுவைக்குரிய அளவை, அது திருகு நுனியின் தூரமோ, காலின் சுழற்சியோ, மூட்டின் கோணமோ, அறுவைக் குறிப்பில் எண்ணாக எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அப்படங்களை அறுவை மருத்துவர்களும் படம் எடுக்கும் ஜூரு எக்ஸ்ரே பணியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாதி வேலை செய்பவரை விலக்கிவைத்துத் துல்லியம் பேச முடியாது. அரசும் தனியாரும் ஒரே பதிவேட்டில் முடிவுகளைச் சேர்க்க வேண்டும். சுவீடன் முழங்காலுக்கு 1975-இலும் இடுப்புக்கு 1979-இலும் இதைத் தொடங்கியது. இங்கிலாந்தில் இடுப்பு முறிவுக்கென்றே 2007 முதல் தேசியத் தரவுத்தளம் இயங்குகிறது. வெளிநாட்டு நோயாளிகளை அழைக்கும் ஊர், தன் முடிவுகளைத் திறந்துகாட்டினால் அதைவிடப் பெரிய விளம்பரம் இருக்க முடியாது.

நோயாளியின் குடும்பமும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அறுவை முடிந்து வார்டுக்கு வரும் மருத்துவரிடம், "முன்பக்கத்துப் படமும் பக்கவாட்டுப் படமும் காட்டுங்கள் டாக்டர், திருகு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, எவ்வளவு என்று அளந்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். இது சந்தேகத்தின் கேள்வி இல்லை, அக்கறையின் கேள்வி. நல்ல மருத்துவர் மகிழ்ச்சியோடு திரையைத் திருப்பிக் காட்டுவார். எந்த மிஷின் இருக்கிறது என்று கேட்டுப் பழகிய நாம், என்ன அளவு வந்தது என்று கேட்கத் தொடங்கினால், மருத்துவமனைகளும் அந்த அளவை வைத்தே போட்டியிடத் தொடங்கும். அந்தப் போட்டியில் ஜெயிப்பவர், வீட்டுக்கு நேராக நடந்து போகும் நோயாளி.